பீரோவில் இருக்கும் ஷீல்டுகளில் எது விருது?

கல்லூரியிலோ பல்கலைக்கழகத்திலோ வேலை பார்த்தவர்களுக்கு இந்த சர்க்குலர் நன்றாகத் தெரிந்திருக்கும்: "கடந்த ஐந்து ஆண்டுகளில் தாங்கள் பெற்ற விருதுகள், பாராட்டுகள், நிதிநல்கைகள் ஆகியவற்றின் விவரங்களை உரிய சான்றுகளுடன் நாளை மாலைக்குள் அனுப்பவும்." ஐந்து வருஷக் கணக்கை ஒரே நாளில் கேட்பார்கள். சென்னையில் ஒரு பல்கலைக்கழகத்தின் கல்வியியல் துறையில் நான் இருந்தபோது, இந்த விவரங்களை வாங்கித் தொகுக்கும் வேலை வருஷா வருஷம் என் தலையில்தான் விடியும். ஐ.க்யூ.ஏ.சி. எனும் உள் தர உறுதிப் பிரிவின் ஆண்டறிக்கை என்றாலும் நான்தான், கல்வி நிறுவனங்களுக்குத் தரமதிப்பீடு கொடுக்கும் நாக் அமைப்பின் குழு வருகிறது என்றாலும் நான்தான். அதில் தெரிந்துகொண்ட சில விஷயங்களை, இப்போது பணியில் சேர்ந்திருக்கும் இளைய ஆசிரியர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

விவரம் கேட்டு எக்செல் தாள் ஒன்று அனுப்புவோம். விருதின் பெயர், கொடுத்த அமைப்பு, ஆண்டு, நிலை, சான்று என்று கட்டங்கள் இருக்கும். 'நிலை' என்பதில் மாநிலம், தேசியம், சர்வதேசம் என மூன்றில் ஒன்றை எழுத வேண்டும். வந்து சேரும் தாள்களைப் பார்த்தால் நம் துறைக்கு உள்ளூரில் மதிப்பே இல்லை, உலகம் முழுவதும்தான் கொண்டாடுகிறார்கள் என்று தோன்றும். அத்தனை பேரும் சர்வதேசம்.

ஒரு சர்டிபிகேட் இன்னும் கண்ணில் நிற்கிறது. கெட்டியான ஆர்ட் பேப்பர், பொன் நிறக் கரை, மேலே சிங்க முத்திரையைக் கொஞ்சம் மாற்றி வரைந்த மாதிரி ஒரு சின்னம். கீழே மூன்று கையெழுத்து. மூன்று பேருக்கும் 'சேர்மன்' என்றே பதவி. திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் ஸ்டேப்ளர் பின் அடித்து ஒரு ரசீது: 'பாராட்டு விழா ஏற்பாட்டுக் கட்டணம்', ஜி.எஸ்.டி. சேர்த்து 4,720 ரூபாய். அதையும் சான்றின் ஒரு பகுதி என்று நினைத்துத்தான் அந்த நண்பர் இணைத்திருந்தார். வெள்ளந்தியான மனிதர். நான் எதுவும் சொல்லாமல் ரசீதைக் கழற்றி அவர் கையில் கொடுத்தேன். அவருக்கும் புரிந்துவிட்டது.

இப்படிப்பட்ட விருதுகளுக்கு ஏன் இவ்வளவு கிராக்கி? ஆசை, பெருமை எல்லாம் உண்டுதான். ஆனால் அதற்குப் பின்னால் ஒரு கணக்கும் இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யின் 2018 விதிமுறைகளில், ஆய்வு மதிப்பெண் அட்டவணையில் சர்வதேச விருது அல்லது நல்கைக்கு (ஃபெலோஷிப்) 7, தேசிய அளவிலானதற்கு 5 என்று போட்டிருக்கிறார்கள். உதவிப் பேராசிரியர் பணிக்கு ஆட்களைச் சுருக்கிப் பட்டியல் போடும்போதும் விருதுக்கு மதிப்பெண் உண்டு: சர்வதேச, தேசிய விருதுக்கு 3, மாநில அரசு விருதுக்கு 2. ஒரு மதிப்பெண்ணில் வேலை கைநழுவும் இடத்தில் மூன்று மதிப்பெண் சும்மா வருமா என்று பார்க்கத்தான் தோன்றும். ஆனால் அதே அட்டவணையில், யார் கொடுத்த விருது செல்லும் என்பதும் எழுதியிருக்கிறது: சர்வதேச நிறுவனங்கள், இந்திய அரசு, இந்திய அரசு அங்கீகரித்த தேசிய அமைப்புகள், மாநிலம் என்றால் மாநில அரசு. நாக் படிவத்திலும் அரசு அல்லது அரசு அங்கீகரித்த அமைப்பு என்றுதான் கேட்பார்கள். எல்லோரும் முதல் பாதியைப் படித்துவிட்டு இரண்டாவது பாதியை விட்டுவிடுகிறார்கள்.

ஆகஸ்ட் பிறந்தால் வாட்ஸ்ஆப்பில் செய்திகள் வர ஆரம்பிக்கும். ஆசிரியர் தினத்தை ஒட்டி, "வாழ்த்துகள், தாங்கள் தேர்வு செய்யப்பட்டுள்ளீர்கள்." விண்ணப்பமே போடாத விருதுக்கு எப்படித் தேர்வானோம் என்று ஒரு நிமிஷம் யோசித்தால் போதும். அடுத்த செய்தியில் பணம் அனுப்பும் க்யூஆர் கோடு வரும். தி.நகரிலோ வடபழனியிலோ ஒரு ஹாலில் விழா. ஆளுக்கு அரை நிமிஷம்: மேடையேறு, பொன்னாடை, ஷீல்டு, கேமராவைப் பார், இறங்கு. ஷீல்டு என்னவோ பெரியமேட்டுக் கடைகளில் டஜன் கணக்கில் கிடைப்பதுதான்.

இது வெறும் வேடிக்கையோடு நிற்பதில்லை. 2023-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அண்ணா பல்கலைக்கழக வளாகத்து அரங்கத்தையே வாடகைக்கு எடுத்து, தனியார் அமைப்பு ஒன்று பிரபலங்களுக்கு 'கௌரவ டாக்டர்' பட்டம் கொடுத்ததும், பல்கலைக்கழகம் போலீஸில் புகார் கொடுத்ததும் செய்தித்தாள்களில் வந்தது. வாங்கியவர்களில் பலர் நல்ல பெயர் உள்ளவர்கள். இடம் பெரிய இடமாக இருக்கிறதே என்று நம்பியிருப்பார்கள். நம் ஊரில் எந்த அரங்கமும் பணம் கட்டினால் கிடைக்கும். அரங்கத்தின் பெயர் விருதுக்கு ஜாமீன் ஆகாது.

நான் வைத்திருந்த சோதனை ரொம்ப எளிது. விதிமுறை முன்கூட்டியே எல்லோரும் படிக்கும்படி வெளியானதா? நம் வேலையை நமக்குச் சம்பந்தமில்லாத யாராவது உட்கார்ந்து படித்தார்களா? விண்ணப்பித்தவர்களில் கிடைக்காமல் போனவர்கள் இருக்கிறார்களா? இந்த மூன்றாவது கேள்வியில்தான் முக்கால்வாசி ஷீல்டுகள் விழுந்துவிடும். கேட்டவர்களுக்கெல்லாம் கிடைத்த ஒன்றை விருது என்று தாளில் ஏற்ற நான் சம்மதிக்க மாட்டேன். இதனால் சிலருக்கு என்மேல் வருத்தம்தான். இருக்கட்டும்.

சரி, கல்வியியல் ஆசிரியர் ஒருவர் உண்மையிலேயே எதற்கு முயற்சி செய்யலாம்? முதலில் ஒரு குழப்பத்தைத் தெளிவாக்கிவிடுகிறேன். தமிழக அரசு செப்டம்பர் 5 அன்று கொடுக்கும் டாக்டர் ராதாகிருஷ்ணன் விருது, நாம் நல்லாசிரியர் விருது என்று சொல்வது, பள்ளிக்கல்வித் துறையைச் சேர்ந்தது. பல்கலைக்கழக ஆசிரியர் அதற்கு வரிசையில் நிற்க முடியாது. மத்திய அரசின் தேசிய ஆசிரியர் விருதும் 1958-இல் தொடங்கியதிலிருந்து வெகுகாலம் பள்ளி ஆசிரியர்களுக்காகவே இருந்தது. 2023-இல்தான் அதை உயர்கல்விக்கும் விரித்தார்கள். அந்த வருஷம் மொத்தம் 75 பேர்: பள்ளியிலிருந்து 50, உயர்கல்வியிலிருந்து 13, திறன் மேம்பாட்டுத் துறையிலிருந்து 12. ஒரு சான்றிதழ், 50,000 ரூபாய், வெள்ளிப் பதக்கம். நாடு முழுவதும் இருக்கும் பல்கலைக்கழகம், கல்லூரி, பாலிடெக்னிக் ஆசிரியர்கள் அத்தனை பேருக்கும் சேர்த்துப் பதின்மூன்று என்றால் போட்டி எப்படி இருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். நிரந்தரப் பணி, இளநிலை அல்லது முதுநிலையில் குறைந்தது ஐந்து வருஷம் முழுநேரக் கற்பித்தல், வயது 55-க்குள் என்று நிபந்தனைகள். துணைவேந்தர், முதல்வர் போன்ற பொறுப்பில் இருப்பவர்களுக்கு இல்லை என்பது எனக்குப் பிடித்த நிபந்தனை. பரிந்துரைகள் எல்லாம் மத்திய அரசின் ராஷ்ட்ரிய புரஸ்கார் என்ற விருதுத் தளம் வழியாகத்தான். பத்ம விருதுகளுக்கும் அதே தளம்.

பிடிக்காத நிபந்தனையும் அதிலேயே இருக்கிறது. நிரந்தரப் பணி. தமிழ்நாட்டில் எத்தனையோ துறைகளில் வகுப்பைச் சுமப்பவர்கள் கௌரவ விரிவுரையாளர்கள். மைக்ரோ டீச்சிங் எனும் சிறு பயிற்சி வகுப்புகளைப் பார்ப்பது, ரெக்கார்டு நோட்டு திருத்துவது, பள்ளி பள்ளியாக அலைவது எல்லாம் அவர்கள். விண்ணப்பம் போடும் தகுதி மட்டும் எங்களுக்கு. இதற்கு என்னிடம் தீர்வு இல்லை. குறைந்தபட்சம், நிரந்தர ஆசிரியர் விண்ணப்பத்தில் எழுதும் வேலையில் அவர்கள் பங்கு இருந்தால் பெயரைச் சொல்லி எழுத வேண்டும் என்று எங்கள் துறைக் கூட்டத்தில் பேசி ஒரு வழக்கமாக்கினோம்.

பள்ளிகளுக்கும் ஆசிரியர் கல்வி நிறுவனங்களுக்கும் சேர்த்து, மத்திய அரசின் பள்ளிக்கல்வி ஆய்வு அமைப்பான என்.சி.இ.ஆர்.டி. நடத்தும் புதுமையான கற்பித்தல் முறைகளுக்கான அகில இந்தியப் போட்டி ஒன்று உண்டு. அதை நம்மவர்கள் அதிகம் கண்டுகொள்வதில்லை. சமூக அறிவியல் ஆய்வுக்கு நிதி கொடுக்கும் ஐ.சி.எஸ்.எஸ்.ஆர். அமைப்பின் ஆய்வு நல்கைகள், அமெரிக்கா போய் ஆய்வு செய்ய உதவும் ஃபுல்பிரைட்–நேரு நல்கைகள் எல்லாம் விருது என்ற பெயரில் வராவிட்டாலும் கணக்கில் வருபவை, வேலைக்கும் உதவுபவை. இன்னொன்று, 'உலகின் முதல் 2 சதவீத விஞ்ஞானிகள்' என்று ஸ்டான்ஃபோர்டு பெயரில் வரும் பட்டியல். அது மேற்கோள் எண்ணிக்கையை வைத்துப் போடும் தரவரிசை. அதில் வந்தால் சந்தோஷம், எழுதிக்கொள்ளலாம். ஆனால் யாரும் கூப்பிட்டுக் கொடுத்த விருது இல்லை. அதற்கு வாசலில் ஃபிளெக்ஸ் வைப்பது கொஞ்சம் அதிகம்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். கல்வியியல் ஆசிரியர்களுக்கு விருது கிடைக்காமல் போவதற்குப் பெரிய காரணம் வேலை செய்யாதது இல்லை. செய்த வேலை கண்ணுக்குத் தெரியாதது. வேதியியல் துறையில் ஒருவர் காப்புரிமை காட்டுவார். நாம் பி.எட். மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுப்போம், அவர்கள் எங்கோ ஒரு பள்ளியில் போய்ப் பாடம் நடத்துவார்கள், அங்கே ஒரு குழந்தைக்குக் கணக்கு புரியும். இந்தச் சங்கிலியில் நம் பெயர் எங்கேயும் இருக்காது. அதைக் காட்டுவதற்கு எதையாவது எழுதி வைத்திருக்க வேண்டும்.

எங்கள் துறையில் கணிதக் கற்பித்தல் எடுத்த ஒரு மேடம் இருந்தார். அவரை விண்ணப்பம் போடச் சொன்னபோது சிரித்தார்.

"சார், நான் என்ன சாதிச்சிட்டேன்னு ஃபார்ம் போடறது? கிளாஸ் எடுக்கறேன், ஸ்கூல் விசிட் போறேன். எல்லாரும் செய்யறதுதானே?"

"விசிட் போற ஸ்கூல்ல உங்க பசங்க என்ன செய்யறாங்க மேடம்?"

"லெசன் பிளான் போட்டு எடுக்கறாங்க. அப்புறம் அந்தத் தப்புக் கணக்கு நோட்டு எழுதறாங்க."

அது என்ன நோட்டு என்று கேட்டேன். பீரோவைத் திறந்து ஒரு அடுக்கு எடுத்துப் போட்டார். இரண்டு வருஷ பி.எட். படிப்பில் 20 வாரம் பள்ளியில் இன்டர்ன்ஷிப் இருக்கிறது அல்லவா, அந்த வாரங்களில் தன் மாணவர்கள் ஒவ்வொருவரும், வகுப்பில் பிள்ளைகள் போடும் தவறான விடைகளை மட்டும் ஒரு நோட்டில் எழுதிவர வேண்டும் என்று வைத்திருந்தார். விடையை எழுதி, அந்தப் பிள்ளை ஏன் அப்படிப் போட்டது என்று கேட்டு, அது சொன்ன பதிலை அப்படியே எழுத வேண்டும். ஒரு பக்கத்தைப் பிரித்தேன். அரையும் மூன்றில் ஒன்றும் கூட்டினால் ஐந்தில் இரண்டு. ஆறாம் வகுப்புப் பையன். காரணம்: "மேல இருக்கறத மேல கூட்டணும், கீழ இருக்கறத கீழ கூட்டணும் மிஸ்." அதற்குக் கீழே பயிற்சி மாணவி எழுதியிருந்தாள்: "ஐந்தில் இரண்டு அரையைவிடச் சின்னதா பெரிசா என்று பேப்பரை மடித்துப் பார்க்கச் சொன்னேன். பார்த்துவிட்டு, 'கூட்டினா எப்படி மிஸ் குறையும்' என்று அவனே கேட்டான்." அடுத்த பக்கத்தில் அதே தவறு, வேறு பள்ளி, வேறு பிள்ளை, வேறு காரணம். அடுத்த வருஷ பேட்ச் பள்ளிக்குப் போவதற்கு முன்னால் பழைய நோட்டுகளைப் படித்துவிட்டுத்தான் போகும்.

வருஷக்கணக்காக இப்படி நோட்டுகள். அவர் இதை ஒரு சாதாரண அசைன்மென்ட் என்றே நினைத்திருந்தார்.

நாங்கள் செய்தது இதுதான். முதலில் நோட்டுகளுக்கு ஆண்டும் பள்ளியும் எழுதி எண் போட்டோம். பிள்ளைகளின் பெயர் இருந்த இடங்களை மறைத்து ஜெராக்ஸ் எடுத்தோம். பின்னங்கள், எதிர்மறை எண்கள், இயற்கணிதம் என்று தவறுகளை வகை பிரித்து ஒரு பக்க அட்டவணை போட்டோம். இன்டர்ன்ஷிப் நடந்த மாநகராட்சிப் பள்ளி ஒன்றின் தலைமையாசிரியையிடம் கடிதம் கேட்டோம். முதலில் வந்த கடிதத்தில் "சிறந்த பண்பாளர், கடின உழைப்பாளி, எல்லாரிடமும் அன்பாகப் பழகக்கூடியவர்" என்று இருந்தது. திருமண வாழ்த்து மடலுக்குச் சரியாக இருக்கும். திரும்பப் போய், "டீச்சர், பாராட்ட வேண்டாம், உங்க ஸ்கூல்ல நடந்தத மட்டும் எழுதுங்க" என்று கேட்டோம். இரண்டாவது கடிதத்தில் ஒரு வரி இருந்தது: பயிற்சி மாணவிகள் போன பிறகும் எங்கள் ஆறாம் வகுப்பு ஆசிரியை அந்த நோட்டை அதே முறையில் எழுதிவருகிறார். மொத்த விண்ணப்பத்திலும் கனமான வரி அதுதான். பரிந்துரைக் கடிதம் கேட்கும்போது என்ன எழுத வேண்டும் என்று சொல்லத் தயங்காதீர்கள். பொய் எழுதச் சொல்லவில்லையே, அவர்கள் கண்ணால் பார்த்ததைத்தானே எழுதச் சொல்கிறோம்.

அந்த முறை மேடத்துக்கு விருது கிடைக்கவில்லை. ஆனால் அந்த ஃபைல் வீண்போகவில்லை. அதே சரக்கைச் சுருக்கி ஐ.சி.எஸ்.எஸ்.ஆர். ஆய்வுத் திட்டத்துக்கு விண்ணப்பித்தார், அது கிடைத்தது. பிரமோஷன் நேர்காணலிலும் நிபுணர் ஒருவர் மற்றக் கேள்வியை எல்லாம் விட்டுவிட்டு நோட்டைப் பற்றியே கேட்டாராம். விருதுக்கென்று தனியாக ஃபைல் செய்யாதீர்கள் என்று இப்போதெல்லாம் நான் சொல்வது இதனால்தான். வேலைக்கு ஒரு ஃபைல் வைத்துக்கொண்டால் விருது, நல்கை, பதவி உயர்வு எல்லாவற்றுக்கும் அதிலிருந்தே எடுக்கலாம்.

ஆவணங்களில் சில சில்லறை விஷயங்கள் உண்டு. சில்லறை என்றாலும் நாக் டீம் வந்து உட்காரும்போது அதில்தான் மாட்டும். சர்டிபிகேட் மட்டும் போதாது, விருது அறிவிக்கப்பட்ட கடிதம், தேர்வு விதிமுறையின் பிரதி, இரண்டையும் சேர்த்து வையுங்கள். இணையதளத்தில் பட்டியல் வந்தால் அன்றே பி.டி.எஃப். எடுத்துவிடுங்கள், இரண்டு வருஷத்தில் அந்தப் பக்கம் காணாமல் போயிருக்கும். சான்று தமிழில் இருந்தால் நாக் ஆங்கில மொழிபெயர்ப்பும் கேட்கும். அதைக் கடைசி நாள் ராத்திரி உட்கார்ந்து செய்ய வேண்டாம். எந்த ஆண்டில் வாங்கினோமோ அந்த ஆண்டுக் கணக்கில்தான் போடுவார்கள், வேலை எப்போது செய்தோம் என்பது அவர்களுக்குத் தேவையில்லை. ஆசிரியர்கள், ஆய்வாளர்கள் விவரங்களைத் தொகுத்து வைக்கும் இன்ஃப்ளிப்நெட்டின் வித்வான் தளத்தில் உங்கள் பக்கம் இருந்தால் விருது விவரத்தை அங்கேயும் ஏற்றிவிடுங்கள். அரசுப் பணியில் இருப்பவர்கள் தனியார் அமைப்பின் விருதையோ பாராட்டு விழாவையோ ஏற்பதற்கு முன்னால் நடத்தை விதிகளைப் பார்த்து அனுமதி கடிதம் வாங்கிவிடுவது நல்லது. பொன்னாடை போர்த்திய பிறகு மெமோ வாங்கியவர்களை எனக்குத் தெரியும்.

பட்டங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. கல்விச் செம்மல், கல்விச் சுடர், ஆசிரியர் மாமணி என்று பெயருக்கு முன்னால் போட்டுக்கொள்ளும் பழக்கம் நம் ஊரில் அழைப்பிதழ்களையே நீளமாக்கிவிட்டது. பத்ம விருதுகளையே பெயருக்கு முன்னாலும் பின்னாலும் பட்டமாகப் போடக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் பாலாஜி ராகவன் வழக்கில் சொல்லிவிட்டது. நெ.து. சுந்தரவடிவேலு 1961-இல் பத்மஸ்ரீ வாங்கியவர், மால்கம் ஆதிசேஷையா 1976-இல் பத்மபூஷண் வாங்கியவர். இருவரும் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர்களாக இருந்தவர்கள். பள்ளி மதிய உணவுத் திட்டம் என்றதும் முன்னவர் நினைவுக்கு வருகிறார், சென்னை வளர்ச்சி ஆய்வு நிறுவனமான எம்.ஐ.டி.எஸ். என்றதும் பின்னவர். பத்ம விருது அவர்கள் வாழ்க்கைக் குறிப்பில் எங்கோ ஒரு வரி. ஆசிரியர் தினத்துக்குக் காரணமான ராதாகிருஷ்ணனும் மாநிலக் கல்லூரியில் பாடம் நடத்தியவர், சைதாப்பேட்டையில் ஆசிரியப் பயிற்சி பெற்றவர். நம் பி.எட். பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் நிமிர்ந்து உட்காருவார்கள்.

விருதுக் காலம் முடிந்த பிறகு துறையில் கொஞ்ச நாள் ஒரு இறுக்கம் இருக்கும், அதையும் எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். கிடைத்தவருக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டு ஸ்டாஃப் ரூமில் வேறு பேசுவார்கள். எங்களுக்கு ஒத்துவந்த ஒரு வழி, விண்ணப்பத்தைத் துறைக்குள் எல்லோருக்கும் படிக்கக் கொடுப்பது. கிடைத்ததோ இல்லையோ, என்ன எழுதினார்கள் என்று தெரிந்துவிட்டால் சந்தேகம் குறைகிறது. அடுத்து எழுதுபவருக்கு மாதிரியும் ஆச்சு.

இன்னொரு காரியமும் செய்தோம். செப்டம்பர் 5-ஐ ஒட்டி மாநில நல்லாசிரியர் விருதுப் பட்டியல் வரும்போது, அதில் எங்கள் துறையில் படித்தவர்கள் யார் யார் என்று தேடி ஒரு பதிவேட்டில் எழுத ஆரம்பித்தோம். படித்த ஆண்டு, எடுத்த பாடம், இப்போது இருக்கும் பள்ளி, எந்த ஆசிரியரிடம் டீச்சிங் பிராக்டிஸ் பார்த்தார் என்பது வரை. ஆசிரியர் பெற்ற விருது என்ற கட்டத்தில் அதைப் போட முடியாது, பழைய மாணவர் பகுதியில்தான் செருக வேண்டும். ஆனால் ஆசிரியர்களை உருவாக்குவது வேலை என்று சொல்லிக்கொள்ளும் துறைக்கு, பீரோவில் இருக்கும் ஷீல்டுகளைவிட இது உருப்படியான கணக்கு என்பது என் அபிப்பிராயம். இப்போது அந்தப் பதிவேடு ஆபீஸ் சூப்பிரண்டெண்ட் பொறுப்பில் இருக்கிறது. பெயர் விடுபட்டுப்போன பழைய மாணவர்கள் சர்டிபிகேட் ஜெராக்ஸோடு வந்து அவரிடம்தான் சண்டை போடுகிறார்கள்.